உடையாத கண்ணாடி

சிலமலை கிராமத்துச் சோலைமலைக்கு ஊர் வைத்த பெயர் டொக்கு. எதைக் கண்டாலும் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். தண்ணீர்ப் பானை, பஸ் நிலையத்துத் தூண், டீக்கடை மேஜை, பலாப்பழம், ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். கம்பத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும் வாய் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருக்கும், கை முதுகுக்குப் பின்னால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கும். "என்ன மாமா, எங்க சுவரு உசுரோட இருக்கா?" என்று மருமகன் கேலி பேசுவார். "இருக்கு மாப்ளே, கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று இவரும் விட்டுக்கொடுக்காமல் சொல்வார். சிரிக்கத் தெரிந்த மனிதர்தான். இப்போது அவர் எதையும் தட்டுவதில்லை.

இருபது வருடம் கொத்தனாராக இருந்தவர். தேனியில் மூன்றாம் மாடிக்குப் பூச்சு வேலை பார்த்தபோது சாரம் சரிந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப் போனது. சாரம் ஏற முடியாத கொத்தனாரை யார் கூப்பிடுவார்கள்? வீட்டில் குந்திக் கிடந்தவரைத் தேடி வந்தவர் விஜயராஜ். தேனியில் இருக்கும் பொறியாளர். புதிதாகக் கட்டடம் கட்டுகிறவர் அல்ல. நிற்கிற கட்டடம் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்கிறவர்.

"உங்க கால் எனக்கு வேண்டாம். காது வேணும்" என்றார் அவர்.

சுவரை இடிக்காமல், ஒரு செதில்கூடப் பெயர்க்காமல், அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் சோலி. பொறியாளரிடம் பெட்டி பெட்டியாகக் கருவிகள் உண்டு. ஆனால் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வர ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சுவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். சோலைமலை சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். பூச்சு உள்சுவரோடு ஒட்டியிருந்தால் சத்தம் கெட்டியாக வரும். விட்டுப்போயிருந்தால் காலி டப்பாவைத் தட்டியது போல் வரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு நகர்வார். கட்டடத்தின் முகப்பு முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டுவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டுவார்.

வெடிப்புக்கு வேறு முறை. வெடிப்பின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளை சிமென்டைக் குழைத்து ஒட்டிவிடுவார். மேலே மை பேனாவால் தேதி எழுதுவார். கண்ணாடி வளையாது, நீளாது. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பட்டென்று உடைந்துவிடும். உடைந்தால் சுவர் நடக்கிறது என்று அர்த்தம். முழுதாக இருந்தால் நிற்கிறது. இதைவிடச் சுலபமான வைத்தியம் உலகத்தில் இல்லை. கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார் விஜயராஜ். சோலைமலை அதை அப்படியே நம்பினார். கண்ணாடி பொய் சொல்லவில்லை என்பதை இன்றைக்கும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் மனைவி முனீஸ்வரிக்கு இந்த வேலையில் பெருமை அதிகம். வீட்டில் சிமென்டைக் குழைத்துப் பதம் காட்டுவது அவள்தான். கட்டி விழாமல், ஓடாமல், வடை மாவுப் பதத்தில் அவள் குழைப்பதுபோல் அவருக்கே வராது. புகைப்படச் சட்டம் போடுகிற கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி வருவதும் அவள்தான்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று இருந்தது. மலைச்சரிவில் நின்ற கட்டடம். முன்சுவரில் சோலைமலை கண்ணாடி ஒட்டினார். ஒன்பதாம் நாள் ஜீப்பில் போய்ப் பார்த்தார், இரண்டாக உடைந்து கிடந்தது. அன்றைக்கே ஆட்களை வெளியேற்றச் சொன்னார். மூன்றாம் நாள் மழையில் முன்சுவர் மொத்தமும் பொத்தென்று சரிவில் இறங்கியது. ஒரு கோழிக்குக்கூடக் காயமில்லை. முனீஸ்வரி அந்தக் கதையைச் சிலமலையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் சுவர் இன்னும் கொஞ்சம் உயரமாகும்.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு வால் இருந்தது. ஸ்டோர் போனதும் அந்தப் பருவம் முழுக்க அங்கே வேலை நின்றுவிட்டது. வேலை பார்த்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவர்களில் ஒருத்தி கருத்தம்மாவின் அக்கா. கருத்தம்மா முனீஸ்வரிக்கு அடுத்த தெரு, உயிர்த்தோழி, போடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். "ஒம் வீட்டுக்காரரு கண்ணாடி ஒடஞ்சுச்சு, எங்கக்கா பொழப்பும் ஒடஞ்சுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்புதான் என்றாலும் அது முள்போல் குத்திக்கொண்டு நின்றது.

முனீஸ்வரியும் கருத்தம்மாவும் வேலை பார்த்தது அப்துல் அஜீஸின் ஏலக்காய்க் கடையில். போடியில் பழைய இரண்டு மாடிக் கட்டடம். கீழே கடை, மேலே மூட்டைகள். முகப்பில் சுண்ணாம்புக் கலவையில் செய்த பூக்களும் கொடிகளும், உச்சியில் ஆள் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவரும். முன் வராந்தாவில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பித் தரம் பிரிப்பார்கள். வெளுத்தது, வெடித்தது, கறுத்தது எல்லாம் தனித்தனியாகப் போக வேண்டும். நல்ல பச்சை தனியாக நிற்க வேண்டும். அந்தப் பச்சையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். டியூப் லைட்டில் எல்லாக் காயும் ஒரே பச்சையாகத் தெரியும். கண் எரியும், கை தடுமாறும், சாயங்காலம் எடை பாதியாக நிற்கும், எடைக்குத்தான் கூலி. அதனால் வராந்தாவில் வெளிச்சம் விழுகிற இடத்துக்குப் போட்டி. இடது தூணோரம் இருந்ததிலேயே நல்ல இடம். எட்டு வருடத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து அந்த இடத்துக்கு வந்திருந்தாள் முனீஸ்வரி. அவளை ஒட்டிக் கருத்தம்மா.

ஐப்பசியில் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். மூடியதும் சரியாக மூடவில்லை. மழைத் தண்ணீர் முகப்பின் அடியிலேயே தேங்கி நின்றது. சில நாளில் இடது தூணின் காலிலிருந்து ஒரு வெடிப்புக் கிளம்பி, மாடிச் சன்னலைத் தொட்டு, உச்சிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய்விட்டது.

அஜீஸ் பாய் மறைக்கிற ஆளில்லை. அவரே விஜயராஜைக் கூப்பிட்டனுப்பினார். பொறியாளர் கருவியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, முகப்பைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும், ஆனால் மழைக்காலத்தில் கை வைத்தால் மொத்தமும் வந்துவிடும், தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்றார். அதுவரை சோலைமலை மூன்று இடத்தில் கண்ணாடி ஒட்டி, சனிக்கிழமைதோறும் வந்து பார்க்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் வராந்தாவைக் காலி செய்துவிட்டு முட்டுக் கொடுக்க வேண்டும்.

"இதுல என்ன யோசனை?" என்றார் அஜீஸ் பாய், எல்லாப் பெண்களும் கேட்கும்படி. "கண்ணாடி ஒடஞ்ச நிமிசமே எல்லாரும் சுளகத் தூக்கிக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிரணும். உங்க உசுரு எங்கிட்ட ஒப்படைச்ச அமானிதம்த்தா."

பின்கட்டு என்பது சாக்கு அடுக்கும் அறை. சன்னல் கிடையாது. ஒரு டியூப் லைட், அதுவும் மின்னி மின்னி எரியும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைச் சோலைமலை கவனித்தார். வெடிப்பைக் கவனித்த அளவுக்குக் கவனிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"நீ மட்டும் இப்பவே உள்ள போயி உக்காந்துக்கயேன்."

முனீஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் மட்டும் உள்ள போகவா? அப்ப மத்தவளுக உசுரு உசுரு இல்லையா? கருத்தம்மா என்னைய என்ன நெனைப்பா? வீட்டுக்காரன் காதோட காதா சொல்லி அனுப்பிச்சிட்டான்னு நெனைக்க மாட்டா?"

அவருக்கு வேண்டியது இவள் உயிர் மட்டும்தான். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த மூன்று கண்ணாடியையும் அவர் வேலைக்காகப் பார்க்கவில்லை, பெண்டாட்டிக்காகப் பார்த்தார்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் சிலமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, மேலே இருந்த இரண்டையும் தொலைநோக்கியால் பார்ப்பார். கீழே தூணோரம் இருந்ததைக் குனிந்து பார்ப்பார். "சார் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடி" என்று முனீஸ்வரி கேலி பேசுவாள். பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். நோட்டில் அசைவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அஜீஸ் பாய் வரவழைக்கும் டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

மார்கழி பாதி கடந்த ஒரு சனிக்கிழமை வந்தார். மேலிருந்த இரண்டும் முழுதாக இருந்தன. இரண்டு மாதத் தூசி படிந்து, ஒன்றில் சிலந்தி வலைகூடக் கட்டியிருந்தது. கீழே குனிந்தார். தூணோரக் கண்ணாடியும் முழுதாகத்தான் இருந்தது. தேதியும் சரி. ஆனால் தூசி இல்லை. பளிச்சென்று அவர் முகமே அதில் தெரிந்தது. இரு முனையிலும் சிமென்ட் பால்போல் வெள்ளையாக இருந்தது. மேலே இருக்கும் சிமென்ட் மழையில் மஞ்சள் பாரித்துக் கிடக்க, இது மட்டும் எப்படி வெளுத்தது?

நிமிர்ந்தார். முனீஸ்வரி சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சார் வந்துட்டாரு என்று சொல்லவில்லை. பன்னிரண்டு பெண்களும் வாய் திறக்காமல் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்த இடத்தில் சத்தமில்லை என்றால் அதைவிடப் பெரிய வெடிப்பு வேறென்ன வேண்டும்? கருத்தம்மாதான் வாயைத் திறந்தாள்.

"என்னண்ணே, முழுசாத்தான இருக்கு? வெரசா எழுதிட்டுப் போங்க. வெளிச்சத்த மறைக்கிறீக."

எல்லோரும் சிரித்தார்கள். தேவைக்கு மேல் சிரித்தார்கள்.

நாலு அடி தள்ளி மேஜையில் அஜீஸ் பாய் உட்கார்ந்திருந்தார். இது புதுக் கண்ணாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் ஒட்டியது என்று கேள்வி வரும். வெள்ளை சிமென்ட் யார் வீட்டில் இருக்கிறது என்று கேள்வி வரும். அத்தனை பேர் முன்னால் முனீஸ்வரி தலை குனிந்து நிற்க வேண்டும். ஈரத்துணி பட்டுத் தூசி போயிருக்கும், கூட்டுகிறவள் துடைத்திருப்பாள் என்று சோலைமலை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மேலே இரண்டும் முழுதாக இருக்கிறதே என்றும் சொல்லிக்கொண்டார். வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். நோட்டை எடுத்தார். அசைவு இல்லை என்று எழுதினார். டீ குடிக்காமல் போனார்.

வீட்டில் கேட்டாரா? கேட்கவில்லை. சனிக்கிழமை அவள் வரும்போதே கம்பத்து மகளும் மருமகனும் வந்திறங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழியடித்துக் குழம்பு, பேச்சு, சிரிப்பு. சாப்பிட்ட கையோடு அவளைத் தனியாகக் கூப்பிட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவர் எடுக்கவில்லை. மனுசனுக்குச் சோம்பல் உடம்பில் மட்டுமா வருகிறது? கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்திலும் வரும். திங்கட்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு நேரில் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிடுவோம் என்று இருந்தார். செவ்வாய்க்கிழமை ராசிங்காபுரத்தில் ஒரு மண்டபத்தைப் பார்க்கச் சொல்லிப் பொறியாளர் அனுப்பிவிட்டார். அதை முடித்துவிட்டு மத்தியானம் போடி என்று கணக்குப் போட்டார்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது.

தூணின் கால் பள்ளத்துக்குள் இறங்கி, மாடிச் சன்னலோடு முகப்பு பிளந்து, உச்சிக் கைப்பிடிச் சுவர் பூவும் கொடியுமாக வராந்தாவில் விழுந்திருந்தது. இரண்டு பேருக்குக் கால் முறிவு. ஒருத்திக்குத் தலையில் அடி. முனீஸ்வரிக்கு ஒன்றுமில்லை. பொறுக்கிய காயை எடை போட அவள் உள்ளே எழுந்து போயிருந்தாள். மழை இருட்டில் வெளிச்சம் பற்றவில்லையென்று, அவள் எழுந்த இடத்துக்குக் கருத்தம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். தேனிக்குக் கொண்டு போகிற வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

சோலைமலை வந்து பார்த்தபோது முனீஸ்வரி தெருவில், மழையில், எடைக்குக் கொண்டுபோன பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்த அந்தக் கணத்தில் அவருக்குச் சந்தோசம் வந்தது. அந்தச் சந்தோசத்தை நினைத்து அவர் இன்றுவரை தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்கிறார்.

கருத்தம்மாவை அடக்கம் செய்த மறுநாள், எதற்கென்று தெரியாமல் வெள்ளை சிமென்ட் டப்பாவைத் திறந்தார். சிமென்டுக்குள் பழைய சேலைத் துணியில் ஒரு சின்ன முடிச்சு. அவிழ்த்தார். கண்ணாடித் துண்டு, இரண்டு பாதி. ஐப்பசி மாதம் அவர் கையால் எழுதிய தேதி, நடுவில் பிளந்து கிடந்தது. தெருவில் போட்டால் யார் காலிலாவது குத்தும் என்று எடுத்து வைத்தவள், போட இடம் தேடாமலே மறந்திருக்க வேண்டும். அடுத்தவர் காலில் குத்தக் கூடாது என்று பார்க்கிறவள்தான் அவள்.

யாரும் சொல்லாமலே அவருக்கு எல்லாம் விளங்கியது. வாரத்தின் நடுவில் ஒருநாள் கண்ணாடி உடைந்திருக்கிறது. தை பிறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். பின்கட்டுக்குப் போனால் எடை பாதி. குரங்கணி ஸ்டோர்போல வேலையே நின்றுபோனால்? பத்து நாள்தானே, மயிரிழை வெடிப்புதானே என்று பன்னிரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். ஒட்டி, அவர் எழுத்துப்போலவே தேதி எழுதியதும் இவள். வேறு யாருக்கு அத்தனை நேராக ஒட்டத் தெரியும்? அந்தப் பதத்தைக் குழைக்க இந்தப் பக்கத்தில் வேறு கை ஏது?

முடிச்சைப் பழையபடி போட்டு டப்பாவுக்குள் வைத்தார். பழையபடி போட்டதாகத்தான் நினைத்தார். மறுநாள் அவளும் திறந்து பார்த்திருக்கிறாள். முடிச்சு மாறியிருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் நோட்டைப் புரட்டினார்கள். சனிக்கிழமை பார்த்தபோது கண்ணாடி எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"முழுசா இருந்துச்சுங்க" என்றார்.

அது பொய்யும் இல்லை. எழுந்து நிற்க முடிந்த பெண்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஜீஸ் பாய் குழந்தைபோல் அழுதார். "ஒடஞ்சிருந்தா அன்னைக்கே உள்ள அனுப்பிச்சிருப்பேனே சோலை! ஒடையலையே, என்ன செய்ய?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நல்ல மனுசன். ஏமாற்றவே தெரியாத ஒரு ஆளை எல்லோரும் சேர்ந்து ஏமாற்றியிருந்தார்கள். விஜயராஜ் திட்டவில்லை. இனிமேல் உங்களை வைத்துக்கொள்ள முடியாது என்று மட்டும் சொன்னார். சோலைமலை சுத்தியலையும் தொலைநோக்கியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். எதையும் தட்டிப் பார்க்கும் பழக்கமும் அதோடு நின்றது.

முனீஸ்வரியும் வேலைக்குப் போகவில்லை. வெயிலில் உட்கார மாட்டாள், வெளிச்சம் விழுகிற பக்கம் போக மாட்டாள். அடுப்படி மூலையில்தான் நாள் முழுக்க. சோறு வச்சுட்டேன், தண்ணி வருது, கதவச் சாத்துங்க என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஆளுக்கொரு கல்லைக் கட்டிக்கொண்டு தனித்தனியாக முழுகிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனியில் ஒருநாள் காலையில் மொக்கச்சாமி வந்தான். கருத்தம்மாவின் புருசன். வாசலில் அவனைச் சோலைமலைதான் முதலில் கண்டார். அடிக்க வந்திருக்கிறான் என்றே நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றார்.

"உக்காருங்கண்ணே" என்றான் அவன். "ஊருல ஆயிரம் பேசுறாங்க. எனக்கு உங்க மேல கோவம் இல்ல. கண்ணாடி ஒடையல, நீங்க என்ன செய்வீக? மழை செஞ்சதுக்கு மனுசன் என்ன செய்ய முடியும்?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"ஒரு சோலியா வந்தேன். எம்மக பத்தாவது படிக்கிறால்ல, அவ வீட்டுக்குள்ள படுக்க மாட்டேங்குறாண்ணே. வாசச் சுவர்ல சின்னதா ஒரு வெடிப்பு. அதப் பாத்துப் பாத்துப் பயந்து வெளியவே கெடக்குறா. நீங்க ஒரு கண்ணாடி ஒட்டி விடுங்க. சோலைமலை மாமா ஒட்டுனா நம்புவேன்னு அவளே சொல்றா."

வர்றேன் என்று சொல்லியனுப்பினார். அவன் தெரு திரும்பியதும் முனீஸ்வரி வெளியே வந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"என்னால முடியலங்க. நான்தான் மாத்தி ஒட்டுனேன்னு அவர்ட்டச் சொல்லிடுறேன். நான்தான அவளக் கொன்னேன். நீங்க எதுக்குச் சுமக்குறீக?"

"நீ மட்டும் இல்ல முனீஸு" என்றார். "அன்னைக்குக் குனிஞ்சு பாத்தப்பவே புதுசுன்னு தெரிஞ்சுச்சு. எம்மூஞ்சி தெரிஞ்சுச்சு அதுல. தெரிஞ்சுதான் எழுதுனேன்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் தெரியாமல் எழுதினார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் இருந்தாள். குற்றம் தன்னோடு நின்றது, புருசன் சுத்தம் என்று நினைத்திருந்தாள். அதுவும் போயிற்று.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேனே" என்றாள். "ஞாயித்துக்கிழம கேட்டிருந்தாக்கூடச் சொல்லிருப்பேனே."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இருவரும் சேர்ந்துதான் போனார்கள். அவள் சிமென்டைக் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள். சொல்லிவிடத்தான் போனாள். மொக்கச்சாமி வீட்டு வெடிப்பு வெறும் மேல்பூச்சு வெடிப்பு. சோலைமலை தட்டாமலே தெரிந்துகொண்டார். இருந்தாலும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள், தாயின் அதே கண்களோடு. அதனால் விரல் கணுவால் நாலு இடத்தில் தட்டிக் காட்டினார். கெட்டியாகச் சத்தம் வந்தது. கண்ணாடியை வைத்து, முனீஸ்வரி நீட்டிய கிண்ணத்திலிருந்து சிமென்டை எடுத்து ஒட்டினார். தேதி எழுதினார்.

"ஒடஞ்சா உடனே எல்லாரும் வெளிய வந்துரணும்" என்றார். மை பேனாவை மூடினார். "ஒடஞ்சத யாரும் மாத்தி மட்டும் ஒட்டிறாதீக."

மொக்கச்சாமி சிரித்தான். மனைவி செத்தபின் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அத யாருண்ணே மாத்துவா? தான் உக்காந்திருக்குற எடத்துச் சுவருக்கு எவளாச்சும் அப்படிச் செய்வாளா?"

அந்தப் பெண் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "இனிமே உள்ள படுத்துக்கிறேன்ப்பா" என்றாள். முனீஸ்வரியின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. கிண்ணத்தில் மீதியிருந்த சிமென்ட் இறுகிப்போயிருந்தது.

திரும்பி வரும்போது பாதித் தெருவில் அவள் நின்றாள்.

"இனிமே சொல்லவே முடியாதுங்க" என்றாள்.

"முடியாது" என்றார் சோலைமலை.

சொல்லிவிட்டால் அந்தப் பெண் இனி எந்தச் சுவருக்குள்ளும் படுக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவர் அங்கே போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருகிறார். அது முழுதாக இருக்கிறது. மொக்கச்சாமி ஒவ்வொரு தடவையும் டீ போட்டுக் கொடுக்கிறான், அவர் குடித்துவிட்டு வருகிறார்.